தனியார்மயம்: சுக்கான் யார் கையில்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். பீரோவைச் சுத்தம் செய்தபோது பழைய பங்குச் சான்றிதழ் ஒன்று கிடைத்தது என்று எடுத்து வந்தார். மடிப்பில் கிழியத் தொடங்கிய தாள். மேலே 'விதேஷ் சஞ்சார் நிகாம்' என்ற பெயர். ஒரு காலத்தில் நம் வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்புகளைக் கையாண்ட அரசு நிறுவனம். "இந்தக் கம்பெனியத்தான் தனியார்மயம் ஆக்கிட்டாங்களே தம்பி, அப்ப என் பங்கு போச்சா?" என்று கேட்டார். போகவில்லை. ஆனால் அவர் பயத்துக்குப் பாதிக் காரணம் அந்தச் சொல்தான்.

'தனி'யோடு 'ஆர்' சேர்ந்து தனியார். நல்லார், பெரியார் போல. 'மயம்' வடமொழி ஈறு. அதுவே ஆனது, அதுவே நிறைந்தது என்று பொருள். 2015 மழையில் கடலூரே தண்ணீர் மயம் என்றோமே, அந்த மயம். யார் விற்றார், எவ்வளவு விற்றார் என்பதற்கு இந்தச் சொல்லில் இடமே இல்லை.

ஆங்கிலத்தின் 'பிரைவேட்டைசேஷன்' லத்தீன் வேரில் பிறந்தது. பொதுவிலிருந்து பிரிந்து நிற்பது என்பது வேர்ப்பொருள். 1984இல் பிரிட்டன் தன் டெலிகாம் நிறுவனத்தில் பாதிக்குச் சற்று மேல் விற்ற காலத்தில்தான் அது உலகமெங்கும் பரவியது. 1969இல் வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டதை 'நாட்டுடைமை' என்று அழகாகச் சொன்னோம். அதற்கு எதிர்ச்சொல்லாக 'தனியுடைமையாக்கம்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. உடைமை கைமாறுவது சொல்லிலேயே தெரிகிறது.

இதோடு சேர்த்துக் குழப்பும் இன்னொரு சொல் 'டிஸ்இன்வெஸ்ட்மென்ட்'. 'பங்கு விலக்கல்' என்று எழுதுகிறார்கள். மதுவிலக்கு மாதிரி ஏதோ தடை என்று தோன்றிவிடுகிறது. 'அரசுப் பங்கு விற்பனை' என்றாலே போதும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடலூர் துறைமுகத்தில் நின்றால் புரிந்துகொள்ளலாம். ஒரு விசைப்படகுக்கு நான்கு பேர் முதல் போட்டிருப்பார்கள். ஒருவர் தன் பங்கில் கொஞ்சம் விற்பார். படகைத் திருப்பும் சுக்கான் அதே கையில்தான் இருக்கும். அது பங்கு விற்பனை. சுக்கானே வேறொருவர் கைக்குப் போனால் அதுதான் தனியுடைமையாக்கம். 2013இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனத்தில் 3.56 விழுக்காட்டைத் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே வாங்கின. மத்திய அரசிடம் 90 விழுக்காடு அப்படியே இருந்தது. அதையும் தனியார்மயம் என்றே நம் மாவட்டம் முழுக்கப் பேசினோம். தொழிலாளிகளின் கவலை நியாயமானது. சொல் மட்டும் பொருந்தவில்லை.

விதேஷ் சஞ்சார் நிகாமில் இரண்டுமே நடந்தன. 1986இல் தொடங்கிய அரசு நிறுவனம் அது. 1990களில் அரசு தன் பங்கைச் சிறிது சிறிதாக விற்றது. அப்போதும் சுக்கான் அரசிடம்தான். 2002 பிப்ரவரியில் 25 விழுக்காட்டை, பங்கு ஒன்று 202 ரூபாய் என்று 1,439 கோடிக்கு டாடா குழுமத்துக்கு விற்றது. 53 விழுக்காட்டை ஒட்டியிருந்த அரசின் பங்கு பாதிக்குக் கீழே இறங்கி, நிர்வாகம் கைமாறியது. 2008இல் பெயரும் டாடா கம்யூனிகேஷன்ஸ் ஆனது. மிச்சமிருந்த 26.12 விழுக்காட்டையும் 2021இல் விற்று அரசு வெளியேறியது.

முதலீட்டாளருக்கு இதில் என்ன? நிர்வாகம் கைமாறும்போது வாங்குபவர் மற்ற பங்குதாரர்களிடமும் குறிப்பிட்ட அளவு வாங்க முன்வர வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. டாடாவும் அதே 202 ரூபாய்க்கு 20 விழுக்காடு வாங்க முன்வந்தது. வெளியேற நினைத்த சின்னப் பங்குதாரருக்கு அது ஒரு வாசல். இருக்க நினைத்தவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டியிருந்தது: வெளிநாட்டு அழைப்பில் அந்த நிறுவனத்துக்கு இருந்த ஏகபோகம் அதே 2002இல் முடிந்தது. அப்புறம் நிலம். சென்னை உட்பட நான்கு நகரங்களில் இருந்த 700 ஏக்கருக்கு மேற்பட்ட உபரி நிலத்தை விற்பனையில் சேர்க்கவில்லை. அது ஹெமிஸ்பியர் என்ற தனி நிறுவனமாகி, 2020இல் டாடா கம்யூனிகேஷன்ஸ் பங்கு ஒன்றுக்கு அதன் பங்கு ஒன்று என்று பங்குதாரர்களுக்கே வந்தது.

ஆசிரியருக்கு இது தெரியாது. தொடர்ந்து ஏழு ஆண்டு ஈவுத்தொகை, அதாவது லாபத்தில் வரும் பங்கு, வாங்காமல் விட்டால் அந்தப் பங்கே அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதியத்துக்குப் போய்விடும் என்பதும் தெரியாது. அங்கே போயிருந்தாலும் விண்ணப்பித்து மீட்கலாம் என்றதும் முகம் தெளிந்தது. இப்போது அவரோடு உட்கார்ந்து படிவம் நிரப்புகிறேன். சான்றிதழில் தலைப்பெழுத்து மட்டும். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. இரண்டும் ஒருவர்தான் என்று முதலில் காட்ட வேண்டும்.