குட்டியின் வயிறு ஏன் அடங்க மாட்டேன் என்கிறது?

பிறந்து 9 வாரமான நாய்க்குட்டி எங்கள் வீட்டுக்கு வந்த நான்காம் நாள் காலை, கதவோரம் கூழ் ஊற்றியதுபோல் ஒரு திட்டு கிடந்தது. இடம் மாறினால் இப்படித்தான், தானாகச் சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவும் ஆனது, இரண்டு நாளைக்கு. அப்புறம் மறுபடியும் கூழ். பூச்சி மருந்து கொடுத்தோம், சாப்பாட்டை மாற்றினோம், ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்துப் பார்த்தோம். எதைக் கொடுத்தாலும் இரண்டு மூன்று நாள் கேட்கும், பிறகு பழையபடி. இப்படியே 5 வாரம் ஓடியது. குட்டிக்கு மட்டும் ஒரு கவலையும் இல்லை; செருப்பைக் கடித்துக்கொண்டு வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. கவலையெல்லாம் துடைக்கிறவனுக்குத்தான்.

குட்டிக்கு வயிற்றுப்போக்கு வருவதில் பெரிய புதிர் இல்லை. வந்தது போகாமல் உட்கார்ந்துகொள்வதுதான் புதிர். அதற்குக் குடலுக்குள் ஒரு நடை போய்விட்டு வர வேண்டும்.

குடலுக்கு வந்து சேரும் தண்ணீரில் குட்டி குடித்தது கொஞ்சம்தான். எச்சில், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர், குடலே சுரக்கும் நீர் என்று உடம்பு தன் பங்குக்கு ஊற்றுவது அதைவிட மிக அதிகம். சாப்பாட்டைக் கரைத்துச் செரிக்க அவ்வளவு நீர் வேண்டும். வேலை முடிந்ததும் அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வேண்டும். பெரும்பங்கைச் சிறுகுடல் எடுத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பெருங்குடல் பார்த்துக்கொள்ளும். இந்த வரவு செலவில் சின்னப் பிசகு நேர்ந்தாலும் மலம் இளகிவிடும்.

உறிஞ்சும் வேலையைச் செய்வது சிறுகுடலின் உட்சுவரில் நெருக்கி நிற்கும் நுண்ணிய விரல்கள். பள்ளிப் பாடத்தில் குடலுறிஞ்சிகள் என்று படித்திருப்போம். ஒவ்வொரு விரலின் அடியிலும் குழிகள் உண்டு. குழியில் புதுச் செல்கள் பிறந்து, மெல்ல மேலே நகர்ந்து, வழியில் முதிர்ந்து, நுனியை எட்டியதும் உதிர்ந்துவிடும். எல்லாம் சில நாட்களுக்குள் முடிந்துவிடும். செரிமான நொதிகளும் உறிஞ்சும் திறமையும் முதிர்ந்த செல்களிடம்தான் உண்டு. ஒரு கிருமியோ ஒட்டுண்ணியோ நுனியைச் சிதைத்துவிட்டால், அந்த இடத்துக்கு முதிராத செல்கள் அவசரமாக ஏறி வருகின்றன. இருக்கும், ஆனால் வேலை தெரியாது. செரிக்காத சர்க்கரையும் மாவும் குடலிலேயே தங்கித் தண்ணீரைத் தம் பக்கம் இழுக்கும். அளவுக்கு மீறி ஊட்டினாலும் இதே கதைதான். பால் கொடுத்தாலும் இதே கதைதான். பால் சர்க்கரையை உடைக்கும் நொதி, தாய்ப்பால் மறக்கும் பருவத்தில் குட்டிகளுக்குக் குறையத் தொடங்கிவிடும். பாவமாக இருக்கிறதே என்று நாம் கிண்ணம் நிறைய ஊற்றும் பால் அதன் வயிற்றுக்கு உதவி அல்ல.

நல்ல செய்தி, குழிகள் நன்றாக இருந்தால் சுவர் சில நாட்களிலேயே புதிதாகிவிடும். அப்படியானால் ஒரு வாரத்தில் எல்லாம் அடங்கியிருக்க வேண்டுமே? அடங்கவில்லை என்றால், யாரோ திரும்பத் திரும்பச் சிதைக்கிறார்கள் என்று பொருள். அந்த யாரோ ஒருவராக இருப்பது அபூர்வம் என்பதுதான் நான் படித்தும் பட்டும் தெரிந்துகொண்டது. ஒருவர் போனதும் அடுத்தவர் உள்ளே வருகிறார். சில சமயம் அந்த அடுத்தவர் நாமேதான்.

யார் என்று தேடும் முன், கோளாறு எந்த இடத்தில் என்று பார்ப்பது நல்லது. அதை மலமே சொல்லிவிடும். அளவு அதிகமாக, தண்ணீராக, நாளுக்கு மூன்று நான்கு தடவை போய், குட்டி இளைத்துக்கொண்டும் வந்தால் சிறுகுடலைச் சந்தேகிக்கலாம். மாறாக, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, முக்கி முக்கி, கடைசியில் சளியோ ஒரு சொட்டுப் புது ரத்தமோ வந்தால் அது பெருங்குடலின் எரிச்சல். தார்போல் கறுத்த மலம் என்றால் ரத்தம் மேலே எங்கோ கசிந்து செரித்து வருகிறது. மருத்துவர்கள் மலத்துக்கு 1 முதல் 7 வரை மதிப்பெண் போடும் ஒரு முறையும் உண்டு; எண் ஏற ஏற மலம் இளகுகிறது என்று பொருள். அதில் 2 தான் இலட்சியம்: கெட்டியாக, ஆனால் கல்லாக இறுகாமல், காகிதத்தில் எடுத்தால் தரையில் தடம் இல்லாமல் வர வேண்டும். நான் ஒரு நோட்டு போட்டு எழுதத் தொடங்கினேன். வீட்டில் சிரித்தார்கள். ஆனால் மருத்துவர் கேட்ட முதல் 6 கேள்விக்கும் பதில் அந்த நோட்டில்தான் இருந்தது.

முதல் சந்தேகம் இட மாற்றம். தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் பிரிந்து, புது வாசனை, புதுச் சத்தம், புதுச் சாப்பாடு. பதற்றம் பெருங்குடலின் அசைவையும் சுரப்பையும் மாற்றும். சளி வரும், பெரும்பாலும் சில நாளில் அடங்கும். சாப்பாட்டை ஒரே நாளில் மாற்றினால், அதுவரை பழைய உணவுக்குப் பழகிய குடல் பாக்டீரியாக்கள் திணறும். அதனால்தான் பழையதில் கால்வாசிப் புதியதைக் கலந்து தொடங்கி, 7 முதல் 10 நாளில் முழுதாக மாற்றச் சொல்கிறார்கள்.

இரண்டாவது சந்தேகம் குடற்புழு. இதில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உருண்டைப்புழு பெரும்பாலும் வெளியிலிருந்து வருவதில்லை, அம்மாவிடமிருந்தே வருகிறது. தாய் நாயின் தசைகளில் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட, தூங்கிக்கொண்டிருக்கும் புழுக்குஞ்சுகள் அது கருவுற்றதும் விழித்துக்கொள்கின்றன. சுமார் 42ஆம் நாளிலிருந்து நஞ்சுக்கொடி வழியே குட்டிகளின் ஈரலுக்குப் போய்விடுகின்றன. குட்டி பிறந்ததும் அங்கிருந்து நுரையீரல், நுரையீரலிலிருந்து இருமலோடு தொண்டை, தொண்டையிலிருந்து விழுங்கப்பட்டுக் குடல். மூன்றே வாரத்தில் முட்டையிடத் தயார். கொக்கிப்புழுவோ தாய்ப்பாலில் வருகிறது. குடல் சுவரைக் கடித்து ரத்தம் குடிக்கிறது. ஈறு வெளுத்த குட்டியைக் கண்டால் இதை மறக்கக் கூடாது. 2, 4, 6, 8 வாரங்களில் பூச்சி மருந்து என்று அட்டவணை போடுவதற்குக் காரணம், ஒருமுறை கொடுத்தது குடலில் இருப்பவற்றைத்தான் கொல்லும். வழியில் வந்துகொண்டிருக்கும் குஞ்சுகள் தப்பிவிடும் என்பதுதான். 'பூச்சி மருந்து கொடுத்தாச்சே' என்று நாம் நிம்மதியாவது ஒரு தவணையை நம்பி.

இப்போது எனக்குப் பிடித்த எதிரி. ஜியார்டியா என்ற ஒரே செல் ஒட்டுண்ணி. நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு உட்கருவும் இரண்டு கண்கள்போல் நம்மையே பார்க்கும். பிளந்த பேரிக்காய்க்கு முகம் வரைந்ததுபோல் இருக்கும். நுண்ணோக்கியின் முன்னோடிகளில் ஒருவரான ஆண்டன் வான் லீவன்ஹூக் 1681இல் தன் சொந்த வயிற்றுப்போக்கையே கண்ணாடியில் வைத்துப் பார்த்து இதைக் கண்டார். நான் நோட்டு போட்டதை நினைத்து வெட்கப்பட வேண்டியதில்லை என்று அப்போதுதான் ஆறுதல். ஜியார்டியாவின் வயிற்றுப் பக்கம் உறிஞ்சு கிண்ணம் மாதிரி ஒரு வட்டு. அதை வைத்துக் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ரத்தம் குடிப்பதில்லை, சுவரைத் துளைப்பதில்லை. ஆனால் அது மொய்த்த இடத்தில் சுவர் கசியத் தொடங்கும், நுண்விரல்கள் குட்டையாகும், கொழுப்பு செரிக்காமல் மலம் வெளிறி நாறும்.

இதன் தந்திரம் குடலைவிட்டு வெளியேறும் விதத்தில் இருக்கிறது. மலத்தோடு வெளியேறும்போது தடித்த ஓடு போர்த்திய கூடாக மாறிவிடும். புழு முட்டை மண்ணில் கிடந்து பக்குவப்பட நாளாகும். இந்தக் கூடு விழுந்த நொடியே அடுத்த ஆளைத் தொற்றத் தயார். குளிர்ந்த ஈரமான இடத்தில் வாரக்கணக்கில் சாகாது. அதைவிட மோசம், கூடுகள் தினமும் வெளிவருவதில்லை. இன்று லட்சக்கணக்கில், நாளை ஒன்றுமில்லை. எங்கள் குட்டியின் முதல் பரிசோதனையில் எதுவும் இல்லை என்று வந்ததற்குக் காரணம் அதுதான். மூன்று வேறு நாட்களில் எடுத்த மாதிரியைக் கேட்டார்கள், மூன்றாவதில் மாட்டியது.

சரி, மருந்து கொடுத்தால் தீர்ந்ததா? குடலில் இருப்பவை சாகும். பின்பக்க ரோமத்தில் ஒட்டியிருக்கும் கூடுகள் சாகாது. குட்டி உட்காரும், நக்கும், விழுங்கும். மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து. அதனால் மருந்தின் கடைசி நாளில் ஷாம்பு போட்டு, குறிப்பாகப் பின்பக்கத்தைத் தேய்த்துக் குளிப்பாட்டச் சொன்னார் மருத்துவர். படுக்கையைச் சூடான நீரில் துவைத்து நன்றாகக் காயவைக்க வேண்டும். காய்ச்சல் இந்தக் கூட்டுக்கு ஆகாது. ஜுரத்தைச் சொல்லவில்லை, வெயிலில் காய்வதைச் சொல்கிறேன். மலத்தை விழுந்த உடனே எடுத்துவிட வேண்டும். தன் மலத்தையே தின்னும் குட்டிகள் குறைவில்லை. இன்னொன்று, கிருமியின் புரதத்தைத் தேடும் பரிசோதனை குணமான பிறகும் சில வாரம் இருக்கிறது என்றே காட்டலாம். மலம் கெட்டியான குட்டிக்கு அந்தத் தாளைப் பார்த்து மறுபடி மருந்து ஊற்றுவது வீண்.

அடுத்த ஆள் நாமே என்றேனே, அது ஆன்டிபயாட்டிக்கால். பேதி என்றால் மெட்ரோனிடசோல் என்பது நெடுநாள் பழக்கம். நாயின் பெருங்குடலில் ஒருவகை பாக்டீரியா இருக்கிறது. ஈரலிலிருந்து வரும் முதல்நிலைப் பித்த அமிலங்களை இரண்டாம்நிலை அமிலங்களாக மாற்றுவது அதன் தொழில். அந்த இரண்டாம்நிலை அமிலங்கள் கெட்ட பாக்டீரியாக்களை அடக்கி வைக்கும். மெட்ரோனிடசோல் இந்தத் தொழிலாளியையும் சேர்த்தே கொல்கிறது. நலமான நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், மருந்தை நிறுத்தி 4 வாரம் கழித்தும் சிலவற்றில் குடல் பாக்டீரியாக் கூட்டம் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை. குடல் சுவர் சில நாளில் ஆறிவிடும், பாக்டீரியாக் கூட்டம் வாரக்கணக்கில்தான் ஆறும். இந்த இரண்டு கடிகாரத்துக்கும் உள்ள இடைவெளியில்தான் நாம் பொறுமை இழக்கிறோம். மூன்றாம் நாளே சாப்பாட்டை மாற்றுகிறோம், வேறு மருந்து தேடுகிறோம். ஆறிக்கொண்டிருந்தது மறுபடி கலைகிறது. மருத்துவர் காரணம் சொல்லிக் கொடுத்தால் சரி. மருந்து டப்பாவில் மிச்சம் இருக்கிறதே என்று கொடுப்பது வேண்டாம்.

எளிதில் செரிக்கும் உணவைச் சின்னச் சின்னப் பங்காக நாளுக்கு நான்கு வேளை கொடுப்பது பலன் தரும். வேகவைத்த கோழியும் சோறும் இரண்டு மூன்று நாளைக்கு நல்லது. ஆனால் அதிலேயே வாரக்கணக்கில் ஓட்டினால் எலும்பு வளரும் குட்டிக்குக் கால்சியம் போதாது. வேகவைத்த பூசணி கொஞ்சம் சேர்த்தால் அதன் கரையும் நாரைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் நொதிக்கவைத்து, அங்குள்ள செல்களுக்கே உணவாகும் கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கும். பட்டினி போட்டு வயிற்றுக்கு ஓய்வு தருவது பெரிய நாய்க்குச் சொன்ன பழைய வைத்தியம். சின்னக் குட்டிக்குச் சில மணி நேரத்திலேயே ரத்தச் சர்க்கரை இறங்கி ஆபத்தாகிவிடலாம். நம் வீட்டு மருந்துப் பெட்டியும் வேண்டாம். மனிதர்களின் பேதியை நிறுத்தும் லோபரமைடு, கோலி போன்ற சில இனங்களில் ஒரு மரபணு மாற்றத்தால் மூளைக்குள் நுழைந்து நஞ்சாகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஓடி விளையாடும் குட்டிக்கு. வாந்தி எடுத்து, சாப்பிடாமல், சுருண்டு படுத்திருக்கும் குட்டிக்கு அல்ல. 1978இல் உலகெங்கும் தலைகாட்டிய பார்வோ வைரஸ், மேலே சொன்ன குழிகளையே தாக்குகிறது. நுனி சிதைந்தால் புதுச் செல் ஏறி வரும். குழியே அழிந்தால் ஏறி வர யாரும் இல்லை. வெள்ளை அணுக்களைச் செய்யும் எலும்பு மஜ்ஜையையும் அது விட்டுவைப்பதில்லை. தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டிக்கு வாந்தியோடு நாற்றமெடுத்த ரத்தப் பேதி வந்தால் நோட்டெல்லாம் அப்புறம், அன்றைக்கே மருத்துவமனை. ஈறைத் தொட்டால் பிசுபிசுப்பாக, தோளின் தோலைத் தூக்கிவிட்டால் மெதுவாக இறங்கினால், உடம்பில் நீர் குறைந்துவிட்டது என்று அர்த்தம்.

3 வாரத்துக்கு மேல் நீடிப்பதை நாட்பட்ட வயிற்றுப்போக்கு என்று கணக்கில் எடுக்கிறார்கள். புழுவும் ஜியார்டியாவும் இல்லை என்று உறுதியான பின், குறிப்பிட்ட புரதம் ஒத்துக்கொள்ளாததா என்று ஒரே உணவை இரண்டு வாரம் பிடிவாதமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். அந்த இரண்டு வாரத்தில் ஒரு பிஸ்கட்கூட இடையில் போகக் கூடாது. பெரும்பாலான வீடுகளில் சோதனை தோற்பது அந்தப் பிஸ்கட்டில்தான். எவ்வளவு தின்றும் இளைத்துக்கொண்டே போய், குவியல் குவியலாகக் கொழுப்பு மலம் போனால் கணையம் நொதி சுரக்கிறதா என்று ரத்தத்தில் பார்ப்பார்கள். ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தில் இது அடிக்கடி தென்படுவது.

எங்கள் குட்டிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. மருந்து, கடைசி நாள் குளியல், ஒரே சாப்பாடு, 3 வாரம் எதையும் மாற்றாமல் இருப்பது. இதில் கடைசிதான் கஷ்டம். முதல் வாரம் நோட்டில் 5, 4, 5, 4. இரண்டாம் வாரம் 4, 3, ஒரு நாள் திடீரென்று 5. அன்றைக்குக் கை பரபரத்தது, அடக்கிக்கொண்டேன். மூன்றாம் வாரம் ஒரு காலை, காகிதத்தோடு குனிந்து எடுத்தேன். தரையில் தடம் இல்லை.