கரடியின் எச்சத்தில் இருக்கும் கணக்கு

காட்டில் கரடியை நேரில் பார்ப்பது அரிது. பார்க்க நேர்ந்தால் அது பெரும்பாலும் நல்ல வேளையாகவும் இருக்காது. அதனால்தான் கரடி ஆய்வில் பெரும்பகுதி அதன் எச்சத்தை, அதாவது மலத்தை, வைத்தே நடக்கிறது. எந்த மாதம் எதைத் தின்கிறது என்று தெரிந்துவிட்டால், எந்த மாதம் எந்தப் புதரில் இருக்கும் என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம். விறகு எடுக்கவும் இலுப்பைப் பூ பொறுக்கவும் போகிறவர்களுக்கு அது உயிர் காக்கும் தகவல்.

நம் காடுகளில் இருப்பது தேன் கரடி. பெயரில் தேன் இருந்தாலும் பிழைப்பு கறையானையும் எறும்பையும் நம்பித்தான். மேல்தாடையில் நடு வெட்டுப்பற்கள் இரண்டும் இதற்குக் கிடையாது. புற்றை நகத்தால் பிளந்து, மண்ணை ஊதித் தள்ளி, மூக்குத் துவாரங்களை மூடிக்கொண்டு, உதட்டைக் குழல்போலக் குவித்து அந்த இடைவெளி வழியே உறிஞ்சும். அந்தச் சத்தம் 100 மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். சங்கப் புலவர்கள் 'எண்கு' என்று பாடியது கரடியைத்தான். அது புற்றைக் கிண்டிக் குரும்பி (கறையான் புற்றுக்குள் இருக்கும் புற்றாஞ்சோறு) தின்பதையும் இலுப்பைப் பூவுக்கு வருவதையும் அவர்கள் அன்றே கவனித்திருக்கிறார்கள்.

எச்சத்தைத் தொடும் முன் கையுறையும் முகக்கவசமும் கட்டாயம். குடற்புழு முட்டைகள் இருக்கும். பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம், ஜி.பி.எஸ். குறிப்பு, தேதி, அருகில் பழுத்திருக்கும் மரங்கள் என எல்லாவற்றையும் அங்கேயே எழுதிவிட வேண்டும். மரபணுச் சோதனைக்கு என்றால் புதிய எச்சத்தின் மேற்பரப்பிலிருந்து மட்டும் கொஞ்சம் சுரண்டி எத்தனாலில் போடுவார்கள். வெயிலும் மழையும் பட்டுவிட்டால் மரபணு சிதைந்துவிடும்.

மீதியை நீரில் கரைத்து 1 மி.மீ. சல்லடையிலும், அதற்குக் கீழே 0.5 மி.மீ. சல்லடையிலும் அலச வேண்டும். கறையான் தின்ற எச்சம் மண் கலந்து கனமாக இருக்கும். அலசிய பிறகு அடிச் சல்லடையில் செம்பழுப்பு நிறத்தில், உடைத்த கடுகுத் தோல்போல ஏதோ தங்கும். கைலென்ஸில் பார்த்தால் அத்தனையும் காவல் கறையான்களின் தலைகள், சிலவற்றில் தாடை அப்படியே ஒட்டியிருக்கும். வேலைக்காரக் கறையான்களின் மெத்தென்ற உடல் கரைந்து போயிருக்கும். தங்கியதை 60 டிகிரி செல்சியஸில் எடை மாறாத வரை உலர்த்தி, வகைவாரியாகப் பிரித்து நிறுப்பார்கள்.

பிழை வருவது இந்த எடையில்தான். சரக்கொன்றை விதை கல்போல முழுசாக வெளிவரும். தேன் சுவடே இல்லாமல் செரித்துவிடும், மெழுகுத் துணுக்கும் தேனீக் கால்களும் மட்டும் மிஞ்சும். எச்சத்தில் பாதி எடை விதை என்பதற்காகக் கரடி பாதி வயிறு பழம் தின்றது என்று எழுதினால் அது தவறு. வளர்ப்பிடக் கரடிக்குத் தெரிந்த அளவு உணவு கொடுத்து, எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்த திருத்தக் காரணி இல்லாமல் சதவீதக் கணக்கை நம்பக் கூடாது.

விதை முளைப்புச் சோதனையிலும் இதே அவசரம் நடக்கிறது. எச்சத்து விதையையும் சதையோடு உள்ள விதையையும் மட்டும் நட்டு, முன்னது நன்றாக முளைத்ததும் 'கரடி வயிற்றின் மகிமை' என்று முடித்துவிடுகிறார்கள். சதையைக் கையால் கழுவி நீக்கிய விதை மூன்றாவது பாத்தியாக இருந்தே ஆக வேண்டும். சதை நீங்கியதால் முளைத்ததா, குடல்வழி போனதால் முளைத்ததா என்பது அப்போதுதான் பிரியும். எப்படி இருந்தாலும், சரக்கொன்றைக் காயின் கெட்டியான ஓட்டை உடைத்து விதையைத் தாய்மரத்தை விட்டுத் தள்ளிக் கொண்டுபோவதே பெரிய உதவி.

எச்சத்தில் சோற்றுப் பருக்கையும் பிளாஸ்டிக் உறைத் துண்டும் வரத் தொடங்கினால் அது அபாய மணி. நீலகிரியின் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் கரடிகள் எண்ணெய் வாசனைக்குக் கோயில் கதவையும் சத்துணவுக் கூடத்தையும் உடைப்பது அடிக்கடி செய்தியாகிறது. கரடியைக் கூண்டில் பிடித்து வேறு காட்டில் விடுவது தீர்வாகாது. எண்ணெய் அங்கேயே இருந்தால் அடுத்த கரடி வரும். விளக்கெண்ணெயை இரவில் வீட்டுக்கு எடுத்துச் செல்வதும், குப்பையைப் பொழுது சாயும் முன் அகற்றுவதும், பழுத்த பலாவை மரத்திலேயே விட்டுவைக்காததும்தான் பலன் தரும்.

தேன் கரடி புலியோடும் சிறுத்தையோடும் வாழ்ந்து பழகிய விலங்கு. சிறுத்தை மரமும் ஏறும் என்பதால் மரமேறித் தப்புவது இதற்கு உதவாது. திடுக்கிட்டால் எதிர்த்து நின்று தாக்கும், குட்டியை முதுகில் சுமக்கும் தாய் இன்னும் வேகமாக. பகலில் உண்ணிச்செடிப் புதருக்குள் படுத்திருக்கும். அதன் பழமும் இதற்கு உணவு. அதனால் பழம் மிகுந்த மாதங்களில் அப்படிப்பட்ட பாதையைத் தவிருங்கள். போயே ஆக வேண்டுமென்றால் நாலைந்து பேராக, சத்தமாகப் பேசிக்கொண்டு, நன்றாக வெளிச்சம் வந்த பிறகு போங்கள். தூரத்தில் கரடி தெரிந்தால் ஓடாமல், அதைப் பார்த்தபடியே மெதுவாகப் பின்வாங்குங்கள். மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொள்ள வேண்டும். கடியும் கீறலும் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்தான் விழும். கரடி போய்விட்டது என்று உறுதியாகத் தெரியும் வரை எழக் கூடாது. காயம் சின்னதாக இருந்தாலும் சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ரேபிஸ், டெட்டனஸ் தடுப்பூசிகளுக்காக அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.