பந்து ஏன் கடைசியில் வளைகிறது? ‘பயாஸ்’ பிறந்த கதை

“ஏஐ-யில் பயாஸ் இருக்கிறது என்கிறார்கள். டிரான்சிஸ்டருக்கும் பயாஸ் கொடுக்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்லா?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஒரே சொல்தான். ஏஐ-யில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்த முடிவு; டிரான்சிஸ்டரில், அது வேலை செய்யும் நிலையை நகர்த்தி வைக்கக் கொடுக்கும் நிலையான மின்னழுத்தம். கோணல், சாய்வு என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. துணியைக் குறுக்குச் சாய்வாக வெட்டுவதற்கும் அதே பெயர்தான். ஆனால் அதை மனச்சாய்வு வரை கொண்டுபோனது ஒரு விளையாட்டு: லான் பவுல்ஸ், அதாவது புல்தரையில் பந்தை உருட்டி, இலக்காக வைத்த சிறு பந்துக்கு அருகே நிறுத்தும் ஆட்டம். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நம் பெண்கள் தங்கம் வென்றார்களே, அதேதான்.

அந்தப் பந்து சரியான உருண்டை இல்லை. அந்தக் காலத்தில் ஒரு பக்கம் ஈயம் பதித்தார்கள். இப்போது வடிவத்தையே ஒருச்சாய்வாகக் கடைகிறார்கள். எடை மையம் நடுவை விட்டுச் சற்று விலகும். இந்த விலகல்தான் பயாஸ்.

உருட்டிவிட்டால் முதலில் கிட்டத்தட்ட நேராகத்தான் போகும். வேகம் குறையக் குறைய வளையும். நிற்கப்போகும் நேரத்தில் நன்றாகவே திரும்பிவிடும். ஏன்? கனமான பக்கத்தைப் புவியீர்ப்பு கீழே இழுக்கிறது. சும்மா நிற்கும் பந்து என்றால் சாய்ந்துவிடும். சுழலும் பந்தோ சாயாமல், தன் அச்சைப் பக்கவாட்டில் திருப்பும்; அதோடு பந்து போகும் திசையும் திரும்பும். தரையில் உருட்டிவிட்ட நாணயம் சாய்ந்தும் விழாமல் வட்டமடிப்பதும் இதனால்தான். சுழற்சி வேகமாக இருந்தால் அச்சு மெதுவாகத் திரும்பும். சரி, வேகம் பாதியாகட்டும். அச்சு இரு மடங்கு வேகமாகத் திரும்பும். அதே நேரத்தில் பந்து கடக்கும் தூரமும் பாதி. இரண்டும் சேர்ந்து, பாதை வளையும் வட்டத்தின் ஆரம் நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்! இத்தனைக்கும் பந்தின் மேல் புதிதாக எந்த விசையும் வந்து சேரவில்லை. எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத கணக்கு இது.

புள்ளியியலில் இந்தச் சொல் இன்னும் கூர்மையாகிறது. கை நடுக்கத்தால் வரும் பிழை இடமும் வலமுமாக விழும். பலமுறை உருட்டிச் சராசரி எடுத்தால் அடங்கிவிடும். பயாஸ் அப்படி அடங்காது, எப்போதும் ஒரே பக்கம்தான். 1936 அமெரிக்கத் தேர்தலின்போது யாருக்கு வாக்கு என்று கேட்ட ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்பினார்கள். அப்போதைய அதிபர் ரூஸ்வெல்ட் தோற்பார் என்றது இதழ். அவரோ 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். கேள்வித்தாள் போனது பெரும்பாலும் டெலிபோனும் காரும் வைத்திருந்த வசதியானவர்களுக்கு; எல்லா வாக்காளர்களுக்கும் அல்ல. அவர்களிலும் பதில் போட்டவர்கள் ஒரு பகுதியினர்தான்.

ஜோசியம் பலித்ததாக எத்தனையோ பேர் சொல்கிறார்களே என்பவர்களுக்கும் இதையே சொல்வேன். பலிக்காதவர்கள் யாரும் மெனக்கெட்டு வந்து சொல்வதில்லை. பத்து சாட்சி ஆயிரமானாலும் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்துதான் வருகின்றன. பலிக்காததையும் ஒரு நோட்டில் குறித்து எண்ணிவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.