கீ ரீமேப்பிங்: தமிழில் விசை மறுஒதுக்கீடு

ஒரு விசையை அழுத்தினால் வழக்கமாக வருவதற்குப் பதில் வேறொன்று வரும்படி செய்வதுதான் கீ ரீமேப்பிங். புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல் அடிக்கடி தேவைப்படும். பிரான்சிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவரும் யூஎஸ்பி விசைப்பலகை பெரும்பாலும் அசெர்ட்டி வகை. நம் பலகையில் க்யூ இருக்கும் இடத்தில் அதில் ஏ இருக்கும். எம், எல்லுக்கு வலப்பக்கம் இருக்கும். அமெரிக்கத் தளவமைப்பில் ஓடும் லினக்ஸ் கணினியில் அதைச் செருகி, ஆங்கில எழுத்தில் ‘அம்மா’ என்று அடித்துப் பாருங்கள். முதலில் க்யூ வரும், அப்புறம் இரண்டு அரைப்புள்ளி, மறுபடி க்யூ.

பலகையில் பழுது இல்லை. அது எழுத்தை அனுப்புவதே இல்லை. அழுத்திய விசையின் இடத்துக்குரிய எண்ணைத்தான் அனுப்புகிறது. ஏ என்று அச்சிட்ட அந்த விசையை அழுத்தினால் லினக்ஸில் விசை எண்களைக் காட்டும் எவ்டெஸ்ட் கருவி 70014 என்று காட்டும். முதலில் உள்ள 7 விசைப்பலகைப் பிரிவைக் குறிக்கிறது, மிச்சம் க்யூவின் இடத்தை. அந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பதைக் கணினிதான் முடிவு செய்கிறது.

இனி சொல்லுக்கு வருவோம். நாம் பூட்டுக்குப் போடும் ‘சாவி’ போர்த்துக்கீசியம் தந்தது. அதற்கு மூலம் லத்தீனின் ‘கிளாவிஸ்’. விசைப்பலகையைக் குறிக்கும் பிரெஞ்சின் ‘கிளாவியே’வும் அதே வேர்தான். தமிழ் இங்கே பூட்டையும் சாவியையும் விட்டுவிட்டு ‘விசை’ என்றது. வேகம், உந்துதல், இயக்கும் பொறி என்று பொருள்படும் நல்ல பழைய சொல். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தின் விசைப்படகில் இருப்பதும் இதே விசைதான்.

‘மேப்’ லத்தீனில் துணியைக் குறித்த ‘மாப்பா’விலிருந்து வந்தது. துணியில் வரைந்த உலகப்படம் வழியாக வரைபடம் ஆனது. பிறகு கணிதத்தில், ஒரு தொகுதியின் உறுப்பை இன்னொன்றின் உறுப்போடு இணைப்பதையும் குறித்தது. கணினிக்கு வந்தது இந்தக் கடைசிப் பொருள். அதனால் ‘வரைபடமாக்கல்’ சரிவராது. ‘விசை மாற்றம்’ என்றால் தேய்ந்த விசையைக் கழற்றி வேறு மாட்டுவதாகிவிடும். எண்ணுக்கு எழுத்தை ஒதுக்குகிறோம், பிறகு வேறொன்றை ஒதுக்குகிறோம். ஆக, விசை மறுஒதுக்கீடு. இதில் ஒரு வசதியும் உண்டு. ‘கேப்ஸ் லாக்கையும் கன்ட்ரோலையும் ரீமேப் பண்ணு’ என்றால் எது எதுவாகிறது என்று குழப்பம் வரும். ‘கேப்ஸ் லாக் விசைக்குக் கன்ட்ரோலை ஒதுக்கு’ என்றால் வேற்றுமை உருபே திசையைச் சொல்லிவிடுகிறது.

பலகை முழுவதையும் பிரெஞ்சு முறைக்கோ தமிழ் 99-க்கோ மாற்றுவது தளவமைப்பு மாற்றம். அமைப்புகளில் தேர்ந்தெடுத்தால் போதும். ஓரிரு விசைகளுக்கு மட்டும், அதுவும் ஒரு குறிப்பிட்ட யூஎஸ்பி பலகையில் மட்டும் என்றால், லினக்ஸில் சாதனங்களைக் கவனிக்கும் யூடெவின் வன்பொருள் தரவுத்தளத்தில் அந்தப் பலகையின் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் எழுதி, கீழே கேப்ஸ் லாக்கின் எண்ணான 70039-க்கு இடது கன்ட்ரோலை ஒதுக்க வேண்டும். தரவுத்தளத்தைப் புதுப்பித்துப் பலகையைக் கழற்றிச் செருகினால் சரி. மடிக்கணினியின் சொந்த விசைகள் அப்படியே இருக்கும். இந்த ஒதுக்கீடு கருநிரல் (கெர்னல்) மட்டத்திலேயே நடப்பதால் எக்ஸ், வேலேண்டு என்ற வரைகலைத் திரை அமைப்புகள், வெறும் உரைமுனையம் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வேலை செய்யும்.