நெல்லை எண்ணினால் போதுமா? உணவு முறைமை மதிப்பீடு பற்றிக் கொஞ்சம்

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தை ஒரு தாளில் எழுதச் சொன்னால் எல்லாம் நிறைவாகத்தான் தெரியும். கந்தளாய், தம்பலகாமம், மூதூர் பக்கம் வயல், கொட்டியாரக்குடாவில் மீன், கிண்ணியாவில் எருமைத் தயிர், நிலாவெளி மணலில் சின்ன வெங்காயம், போதாததற்குச் சீனன்குடாவில் பிரிமா கோதுமை மா ஆலை. இங்கே போய் உணவுப் பிரச்சினை என்று பேசினால் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நடக்கும் கூட்டத்தில் சிலர் சிரிப்பார்கள், சிரித்தும் இருக்கிறார்கள். உணவுப் பாதுகாப்புக் கணக்கெடுப்பு வேலையில் இருப்பவன் என்ற முறையில், அந்தத் தாளுக்கும் வீட்டுச் சட்டிக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

உணவு முறைமை மதிப்பீடு என்றால் சாப்பாடு வயலிலும் கடலிலும் இருந்து சட்டிக்கு வரும் வழி முழுவதையும் சேர்த்துப் பார்ப்பது. இந்தப் பேச்சு 2021 செப்டம்பரில் நடந்த ஐநா உணவு முறைமை உச்சி மாநாட்டோடு பரவலானது. ஐநா உணவு விவசாய அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியம், பிரான்சின் சிராட் ஆராய்ச்சி நிறுவனம் மூன்றும் சேர்ந்து 50க்கும் மேற்பட்ட நாடுகளில் இதைச் செய்தன. அவர்கள் பார்த்தது நான்கு விஷயம்: சனங்களுக்குச் சத்தான சாப்பாடு கிடைக்கிறதா, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு வருமானம் இருக்கிறதா, மண்ணும் நீரும் தாங்குமா, நாட்டின் ஒரு பக்கம் பலனை எடுத்து இன்னொரு பக்கம் பாரத்தைச் சுமக்கிறதா. நாலாவது கேள்விதான் எங்களுக்கு முக்கியம், கூட்டங்களில் அது கடைசியாகத்தான் வரும், அதற்குள் சாப்பாட்டுப் பார்சல் வந்துவிடும்.

சரி, முதலில் நெல். எங்கள் விவசாயி விளைவிக்கிறார், சந்தேகமே இல்லை. ஆனால் இப்போது எல்லாம் வெட்டு மெசின்தான். காலையில் இறங்கினால் மதியத்துக்குள் நெல் மூட்டைக்குள், ஈரத்தோடு. அரசாங்கத்தின் நெல் சந்தைப்படுத்தும் சபை உத்தரவாத விலைக்கு வாங்க வேண்டுமென்றால் ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். காய வைக்கத் தளம் எங்கே? றோட்டுக் கரையில் படங்கு விரித்துக் காய வைப்பதை எல்லோரும் பார்த்திருப்போம், அதற்கும் ஆள் வேணும், மழை வராமல் இருக்க வேணும். உரக்கடைக்கும் மெசின்காரருக்கும் கடன் நிற்கிறது. அதனால் வயல் வரம்பிலேயே லொறிக்காரர் சொல்லும் விலைக்கு நெல் போய்விடும். பெரும்பாலும் அது பொலன்னறுவைப் பக்கத்து ஆலைக்குப் போய், அரிசியாகிப் பையில் ஏறி, இங்குள்ள கடைக்கே திரும்பி வரும். விற்றவரே இரண்டு மாதம் கழித்து அதை வாங்குவார். விளைச்சலைக் கூட்டு என்று கொள்கை வகுத்தால் இந்த ஆளுக்கு என்ன கிடைக்கும்? ஈர நெல் இன்னும் பத்து மூட்டை. அவருக்கு வேண்டியது சீமெந்துத் தளமும் அறுவடை நேரத்தில் கொஞ்சம் கைக்காசும். உற்பத்திக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது, நெல்லின் பின்னாலேயே போய்ப் பார்க்க வேணும்.

நெல் விளையும் மாவட்டத்தில் பசி இருக்காது என்ற நம்பிக்கைக்கு நாட்டுக் கணக்கே பதில் சொல்லியிருக்கிறது. உணவு விவசாய அமைப்பும் உலக உணவுத் திட்டமும் 2022இல் சேர்ந்து செய்த மதிப்பீட்டில் 63 லட்சம் பேர் உணவுப் பாதுகாப்பு இல்லாதவர்கள். 2023இல் அது 39 லட்சமாகக் குறைந்தது, நல்ல செய்திதான். ஆனால் அந்த 2023 அறிக்கையிலேயே நிலைமை கூட மோசமாக இருந்த மாவட்டங்களின் வரிசையில் கிளிநொச்சியும் மட்டக்களப்பும் வவுனியாவும் இருந்தன. மூன்றும் வயல் மாவட்டங்கள்.

இப்போது எண் எப்படி உண்டாகிறது என்று ஒரு உதாரணம், இதைப் பலர் கவனிப்பதில்லை. உணவு நுகர்வுப் புள்ளி என்று ஒரு அளவு உண்டு. கடந்த ஏழு நாளில் எந்த வகைச் சாப்பாட்டை எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று கேட்டு, சோறு போன்றவற்றுக்கு 2, பருப்பு வகைக்கு 3, மரக்கறிக்கு 1, பழத்துக்கு 1, மீன் இறைச்சிக்கு 4, பாலுக்கு 4, சீனிக்கும் எண்ணெய்க்கும் அரை என்று பெருக்கிக் கூட்டுவோம். ஒரு வீட்டில் ஏழு நாளும் சோறு, ஏதாவது ஒரு கீரையோ மரக்கறியோ, தேத்தண்ணிக்குச் சீனி, தாளிக்க எண்ணெய். கூட்டினால் 14, 7, 3.5, 3.5, மொத்தம் 28. சீனியும் எண்ணெயும் தினமும் புழங்கும் நாடுகளில் 28 வரை இருந்தால் மோசம், 42ஐத் தாண்டினால் போதுமானது என்று பிரிப்பார்கள். அதே வீட்டில் அம்மா சம்பலுக்குள் இரண்டு நெத்தலிக் கருவாடு இடித்துப் போடுகிறா. கணக்கெடுக்கும் பிள்ளை "மீன் சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிறது, "ஓம், தினமும்" என்று பதில். ஏழு நாலு 28 கூடி 56 ஆகிவிடும்! படிவத்தின் விதிப்படி வாசத்துக்குப் போடும் அளவை மீன் என்று எண்ணக் கூடாது, ஆனால் அவசரத்தில் எண்ணிவிடுவார்கள். ஒரே சட்டி, ஒரே சம்பல், கொழும்புக்குப் போகும்போது அந்த வீடு நன்றாகச் சாப்பிடும் வீடாகப் போகும். கரையோரக் கிராமங்களில் இது எவ்வளவு தூரம் கணக்கைப் புரட்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த மாதத்தில் கேட்கிறோம் என்பதும் அப்படித்தான். பெரும்போக (மாரி மழையில் செய்யும் பெரிய நெற்போக) அறுவடை முடிந்த மார்ச்சில் போனால் வீட்டு மூலையில் நெல் மூட்டை இருக்கும், கடலும் அமைதி. டிசம்பரில் வாடைக்காற்று, கடல் கொந்தளிப்பு, வள்ளம் கரையில், வயலில் கதிர்கூட வந்திருக்காது, கூலி வேலையும் இல்லை, அடகுக்கடையில் மட்டும் கூட்டம். நிதி வரும் திகதியைப் பார்த்துக் கணக்கெடுப்பு நடத்துவதுதான் நடைமுறை, அது எனக்குப் பிடிக்காத நடைமுறை.

இதெல்லாம் தெரியாமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் அனுபவித்தவர்கள். 2021 மே மாதம் சேதனப் பசளைக்கு, அதாவது இயற்கை உரத்துக்கு, மாறச் சொல்லி அரசாங்கத்தில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தினார்கள், நவம்பரில் பின்வாங்கினார்கள், அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. ஒரு ஏக்கர் நெல்லுக்கு யூரியா தரும் நைதரசனைக் கொம்போஸ்டில் கொடுக்க எத்தனை டிரக்டர் லோட் வேணும், அது எங்கே இருக்கிறது என்று எந்தக் கமநல சேவை நிலையத்தில் கேட்டிருந்தாலும் அரைமணி நேரத்தில் கணக்கு வந்திருக்கும். 2022 செப்டம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதற்கு டொலர் தட்டுப்பாடு, எரிபொருள் என்று வேறு காரணங்களும் உண்டு, ஆனால் விளைச்சல் விழுந்த வருடத்தில் அது வந்ததுதான் அடி.

மண்ணெண்ணெய் கதையை அதிகம் பேர் பேசுவதில்லை. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ஆனது. மானியத்தை அப்படியே வைத்திருக்க நாட்டிடம் காசு இருக்கவில்லை, அது உண்மை. ஆனால் எங்கள் கரையில் வெளிப்பொறி பூட்டிய சின்ன வள்ளங்கள் ஓடுவது மண்ணெண்ணெயில். விலை ஏறினால் தூரம் போக மாட்டார்கள், கிட்டத்தில் பிடிபடுவது குறைவு, பிடிபட்ட நல்ல மீனும் பாரையும் அறக்குளாவும் கூலர் லொறியில் ஊரை விட்டுப் போய்விடும். எரிபொருள் ஒரு அமைச்சின் கோப்பு, மீன் இன்னொரு அமைச்சு, மருத்துவமாது கிளினிக்கில் எழுதும் பிள்ளையின் நிறை மூன்றாவது அமைச்சு. இந்த மூன்றையும் ஒரே மேசையில் விரித்து வைப்பதற்குத்தான் உணவு முறைமை மதிப்பீடு. விலையை ஏற்றாதே என்று அது சொல்லாது, ஏற்றுவதற்கு முதல் யாருக்கு எவ்வளவு கை கொடுக்க வேணும் என்று சொல்லும்.

பிரதேச செயலகத்திலோ மாவட்ட விவசாயக் குழுவிலோ இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலோசனைக் கூட்டம் வைக்கும்போது திணைக்களத் தலைவர்களோடு நிறுத்தாமல் ஒரு நெல் லொறிக்காரரையும், ஐஸ் ஆலைக்காரரையும், ஒரு மருத்துவமாதுவையும், தம்புள்ளையிலிருந்து மரக்கறி ஏற்றிவரும் ஒருவரையும் கூப்பிடுங்கள், அப்புறம் பாருங்கள் கூட்டம் எப்படிப் போகிறது என்று. உங்கள் வீட்டுக்குப் படிவத்தோடு பிள்ளைகள் வந்தால், வாசலில் நிற்கிற ஆம்பிளை பதில் சொல்லாமல் சமைக்கிறவரைப் பேச விடுங்கள். மீன் சாப்பிட்டோம் என்றால் எத்தனை துண்டு, எத்தனை பேர் பகிர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும்.