ஓட்டைப் பானையின் கணக்கு

ஒரு இணையதளத்துக்கு மாதம் 1,000 பேர் புதிதாக வருகிறார்கள். ஏற்கெனவே இருப்பவர்களில் மாதம் 10 சதவீதம் பேர் கழன்றுகொள்கிறார்கள். பத்தில் ஒருவர்தானே, பரவாயில்லை என்று தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் மாத முடிவில் 1,000 பேர். அடுத்த மாதம் அதில் 100 பேர் போய், புதிதாக 1,000 பேர் சேர்ந்து 1,900. மூன்றாம் மாதம் 2,710. ஓராண்டு முடிவில் 7,176. வரைபடம் ஏறிக்கொண்டே போகிறது, எல்லோருக்கும் சந்தோஷம். இரண்டாம் ஆண்டு முடிவில் 9,202. மூன்றாம் ஆண்டு முழுக்க அதே செலவு, அதே உழைப்பு. கூடுவது 572 பேர் மட்டும். பத்தாயிரத்தை அந்தத் தளம் தாண்டவே தாண்டாது. 10,000 பேர் இருக்கும் மாதத்தில் போகிறவர்களும் 1,000, வருகிறவர்களும் 1,000 என்று ஆகிவிடும்.

இந்த உச்சவரம்பு முதல் நாளே முடிவாகிவிட்டது. முதலாண்டின் உற்சாகத்தில் அது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

ஆட்கள் காத்து நிற்கும் வரிசைகளைப் பற்றிய கணிதத்தில் இதற்கு ஒரு விதி உண்டு. ஜான் லிட்டில் 1961-ல் அதை நிரூபித்தார். உள்ளே இருப்போரின் எண்ணிக்கை என்பது, வருகிற வேகத்தைச் சராசரியாகத் தங்கும் காலத்தால் பெருக்கினால் கிடைப்பது. மாதம் 10 சதவீதம் போனால் சராசரியாக ஒருவர் தங்குவது 10 மாதம். ஆயிரம் பெருக்கல் பத்து, பத்தாயிரம்.

வரம்பை 20,000 ஆக்க இரண்டு வழிகள். வருகையை இரட்டிப்பாக்கலாம்; அதற்கான விளம்பரச் செலவு ஒவ்வொரு மாதமும் திரும்பத் திரும்ப வரும். இல்லையென்றால், போகிறவர்களை 5 சதவீதமாகக் குறைக்கலாம். ஒருமுறை செய்த திருத்தம் பல மாதங்களுக்குப் பலன் கொடுக்கும். ஆனாலும் பல நிறுவனங்களில் கூட்டத்துக்குக் கூட்டம் பேசப்படுவது முதல் வழிதான். 'இதுவரை பதிவு செய்தவர்கள்' என்ற எண்ணும் அதற்கு ஒத்து ஊதுகிறது. கூட்டிக்கொண்டே போகிற எண் எப்படிக் குறையும்?

சரி, ஓட்டை எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே மாதத்தில் வந்தவர்களைத் தனியாகப் பிரித்து, அவர்களை மட்டும் மாதாமாதம் எண்ண வேண்டும். ஜனவரியில் 1,000 பேர் வந்த ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். அவர்களில் பிப்ரவரியில் மிஞ்சியவர்கள் 400 பேர். அப்புறம் 280, 225, 205, 200, 198. இன்னொரு தளத்தில் 700, 490, 343, 240, 168, 118.

பிப்ரவரியில் இரண்டாவது தளம்தான் ஜெயித்தது போலத் தெரியும். ஆனால் அங்கே மாதம் 30 சதவீதம் கசிவு நிற்கவே இல்லை. ஓராண்டில் அந்த ஆயிரம் பேரில் மிஞ்சுவது 14 பேர். மாதம் ஆயிரம் பேரைக் கொண்டுவந்தாலும் 3,333-ஐத் தாண்ட முடியாது. முதல் தளத்திலோ கோடு விழுந்து, பிறகு கிட்டத்தட்டச் சமதளமாகிறது. ஒவ்வொரு மாதமும் ஏறக்குறைய 200 பேர் வண்டல் போல அடியில் படிகிறார்கள். ஒரு பொருள் யாருக்காவது உண்மையிலேயே தேவைப்படுகிறது என்பதற்கு நான் நம்புகிற முதல் அடையாளம் இந்தச் சமதளம்தான். அது இல்லாத வரை விளம்பரத்துக்குப் பணம் போடக் கூடாது என்பேன்.

முதல் தளத்தில் 600 பேர் முதல் மாதத்திலேயே போய்விட்டார்களே, அந்த இடத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் பொருளைப் பிடிக்காமல் போனவர்கள் இல்லை. அதைப் பார்க்காமலேயே போனவர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுவதற்கு முன்பே மின்னஞ்சல், தொலைபேசி எண், கடவுச்சொல் எல்லாம் கேட்டால் யார் நிற்பார்கள்? முதலில் காட்டிவிட்டு, சேமிக்க வேண்டிய நேரத்தில் பதிவைக் கேட்டாலே கணிசமானவர்கள் தங்கக்கூடும்.

தங்குகிறவர்கள் எதற்காகத் தங்குகிறார்கள் என்பதும் முக்கியம். கெவின் சிஸ்ட்ரோமும் மைக் க்ரீகரும் 'பர்பன்' என்றொரு செயலி வைத்திருந்தார்கள். எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அறிவிக்கலாம், நண்பர்களைச் சந்திக்கத் திட்டம் போடலாம், புள்ளிகள் சேர்க்கலாம், படமும் போடலாம். ஆட்கள் விரும்பிச் செய்தது படம் போடுவதை. மற்றவற்றைக் கழித்துவிட்டு, படம், கருத்து, லைக் என்று சுருக்கினார்கள். 2010 அக்டோபரில் அது இன்ஸ்டாகிராம் என்ற பெயரில் வெளியானது. வேலை செய்யும் அம்சங்களை வெட்டி எறிய எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது, ஒரு பொருளைக் கட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு எச்சரிக்கை. மாதக் கணக்கு எல்லாத் தளத்துக்கும் பொருந்தாது. வருமான வரி தாக்கல் செய்ய உதவும் தளத்துக்கு ஆண்டுக்கு ஒருமுறை வந்தாலே அவர் நிலையான வாடிக்கையாளர். வாடகை வீடு தேடித் தரும் தளத்தில் வீடு கிடைத்தவர் போய்விடுவார், போகத்தான் வேண்டும். அங்கே தங்கும் காலம் இயல்பிலேயே குறைவு. லிட்டிலின் பெருக்கலில் மிஞ்சுவது வருகையின் வேகம் மட்டும். ஒவ்வொருவரையும் காசு கொடுத்துக் கூட்டிவந்தால் கட்டுப்படியாகாது. அதனால்தான் இப்படிப்பட்ட தளங்கள் ஒவ்வொரு பகுதிக்கும் தெருவுக்கும் தனிப் பக்கம் எழுதி வைத்து, தேடுபொறி வழியாக ஆட்கள் தாங்களாகவே வந்து சேரும்படி பார்த்துக்கொள்கின்றன.