பெஞ்ச்மார்க்: மட்டக்குறியா, ஒப்பளவா?

பள்ளிகளின் தரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் ‘பெஞ்ச்மார்க்’ (benchmark) என்ற ஆங்கிலச் சொல் வந்துவிடுகிறது. அதற்குத் தமிழில் என்ன எழுதலாம்? இதில் உள்ள பெஞ்சு வகுப்பறைப் பெஞ்சு அல்ல. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் நில அளவையாளர்கள் பாலத்துக் கல்லிலோ தேவாலயச் சுவரிலோ ஒரு கிடைக்கோடு செதுக்கி, கீழே அம்புக்குறி இடுவார்கள். அந்த வெட்டில் இரும்புப் பட்டையைச் செருகினால் அளக்கும் கோலை நிறுத்தச் சின்னப் பெஞ்சு கிடைத்துவிடும். அந்தப் புள்ளியின் உயரம் முன்பே தெரியும். மற்ற இடங்களின் ஏற்ற இறக்கத்தை அங்கிருந்துதான் கணக்கிட்டார்கள்.

நாம் இதை ‘அளவுகோல்’ என்று எழுதிவிடுகிறோம். கோல் அளக்கும் கருவி. பெஞ்ச்மார்க் கோலை ஊன்றும் இடம். நில அளவைக்கு ‘மட்டக்குறி’ அழகாகப் பொருந்தும். பள்ளிகளுக்கு அதை நான் எழுத மாட்டேன். ‘மட்டமான பள்ளி’, ‘மட்டம் தட்டுவது’ என்ற பொருள்கள் உடனே வந்து ஒட்டிக்கொள்ளும். வறுமை மிகுந்த பகுதிகளின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் அந்தப் பேச்சைக் கேட்டது போதும். நான் தேர்ந்தெடுப்பது ‘ஒப்பளவு’, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கத் தொடக்கமாக வைக்கும் அளவு.

அப்படிப்பட்ட பகுதியில் இரண்டு பள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் வகுப்பில் ஒன்றில் 20 பேரில் 14 பேர் தடையின்றி வாசிக்கிறார்கள், மற்றதில் 11 பேர். பட்டியலில் முதல் பள்ளி மேலே நிற்கும். ஆனால் முதல் வகுப்பில் சேர்ந்த அன்று முதல் பள்ளியில் 12 பேருக்கு எழுத்து தெரிந்திருந்தது, மற்றதில் இரண்டே பேருக்கு என்றால்? எந்த ஆசிரியர் அதிகம் ஏற்றிவிட்டார் என்பது புரியும். அதோடு, இருபது பேர் வகுப்பில் ஒரு குழந்தை 5 சதவீதம். தேர்வு நாளில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலே நெருங்கி நிற்கும் பள்ளிகளின் வரிசை மாறிவிடும். ஓராண்டு எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

அமெரிக்காவில் 1966இல் வெளியான கோல்மன் அறிக்கை, மாணவர்களின் தேர்வு அடைவோடு பள்ளி வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிக்கே நெருங்கிய தொடர்பு இருப்பதைக் காட்டியது. அதே நாட்டில் 2002இல் கையெழுத்தான ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ (எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது) சட்டம், 2014க்குள் எல்லா மாணவர்களும் தேர்ச்சி நிலையை எட்ட வேண்டும் என்றது. அது நடக்கவில்லை, 2015இல் வேறு சட்டம் வந்தது.

2002ஆம் ஆண்டுச் சட்டம் வைத்தது ஒப்பளவு அல்ல, இலக்கு. இரண்டையும் ‘பெஞ்ச்மார்க்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதால்தான் குழப்பம். இலக்கைக் குறைக்கச் சொல்லவில்லை; ஏழைக் குழந்தையும் வாசித்தே ஆக வேண்டும். ‘இலக்கு: 20 பேர்’ என்று எழுதும் அறிக்கையில், பக்கத்திலேயே ‘ஒப்பளவு: சேர்ந்தபோது எழுத்தறிந்தவர்கள் 2 பேர்’ என்றும் எழுதுங்கள்.